மீதி ஒன்று

கிர்க்கெனெஸ் துறைமுகம்.
சூரியன் எழாத பதினேழாம் நாள்.
எடைமேடைக் கூண்டுக்குள் ராக்ன்ஃப்ரிட்
ரசீதின் முதுகில் வகுக்கிறாள்
ஒன்றை,
9,99,90,001 ஆல்.

தன்னையும் ஒன்றையும் தவிர
யாருக்கும் மடங்காத எண்.
புள்ளிக்குப் பின் ஏழு பூஜ்யம்,
தனியாக ஓர் ஒன்று,
திரும்ப நாலு பூஜ்யம்.
பன்னிரண்டு இலக்கம் ஆயிற்று.
இப்போது மீதி
வகுக்கும் எண்ணுக்கு ஒன்றே ஒன்று குறைவு.

ஹாரன்.
யோவ்னாவின் தாது லாரி, நாற்பத்தோரு டன்.
அதே தாளில் எடை எழுதிக் கிழித்து நீட்டிவிட்டாள்.
முதல் பாதி சட்டைப் பையில் ஏறிப்
பனிக்குள் போகிறது.

போகட்டும்.
புதுத் தாளில் ஏழு ஒன்பது,
இடறினாற்போல் ஓர் எட்டு,
மறுபடி நாலு ஒன்பது.
போன பாதியில் ஒவ்வொரு இலக்கமும்
ஒன்பதுக்கு எவ்வளவு குறைந்ததோ
அதுதான் இது.
தொலைந்ததை இதிலிருந்தே எழுதிக்கொள்ளலாம்;
எழுதவில்லை அவள்.

இருபத்துநான்காம் இலக்கம். மீதி ஒன்று,
தொடங்கும்போது கையிலிருந்த அதே ஒன்று.
ஒரு நாள் முடிந்தது என்கிறது கணக்கு.

சுவரில் மணி பத்தேகால்.
காலையா, இரவா,
அடுத்த லாரிக்காரனைத்தான் கேட்க வேண்டும்.