கைரேகை

ஈச்சங்காடு ரேஷன் கடையில்
கார்டில் இருக்கிற எல்லாரும் வந்து
விரல் வைக்க வேண்டுமாம்,
முப்பதாம் தேதிக்குள்.
வைத்தேன். மகளும் வைத்தாள்.
"இருசப்பன் எங்கே?" என்கிறீர்கள்
மிஷினைப் பார்த்தபடி.

ஆறு வருஷமாக நான் கேட்பதும் அதுதான் சார்.
முதுநகர் ஸ்டேஷனில்,
கேப்பர் மலை ஜெயில் வாசலில்,
சவக்கிடங்கில் ஒருமுறை, மூக்கைப் பொத்தாமல்.
ஆட்கொணர்வு மனுவுக்குப் பதில் வந்தது:
அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவேயில்லை.

பரணில் அவர் அடுக்கிய பாட்டில்கள் இருக்கின்றன,
சிப்காட் வாய்க்காலில் மொண்ட தண்ணீர்.
ஒவ்வொன்றிலும் தேதி, நேரம்.
ஒன்று ஊதா. ஒன்று டீ நிறம்.
கடைசியாக ஒட்டிய செலோடேப்பின் அடியில்
அவசரத்தில் பதிந்த பெருவிரல்
இன்னும் கலையாமல்.

வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்கிறீர்கள்.
அந்தப் பாட்டிலைக் கொண்டுவருகிறேன்.
மிஷின் ஏற்குமா பாருங்கள்.