மலை அந்தப் பக்கம்

டவுன்ஹால் ரோட்டில் லாட்ஜ் வைத்திருக்கும் துளசிராம்
பன்னிரண்டு அறைக்குப் பன்னிரண்டு படம் கேட்டார்.
கோபுரம் நாலு, தெப்பக்குளம் மூணு,
மிச்ச ஐந்தும் யானைமலை.
"ஜன்னலைத் திறந்தா பக்கத்துக் கட்டடத்து ஏசிப் பெட்டிதான் தெரியுது மேடம்.
சுவத்துலயாவது ஊர் இருக்கட்டும்."

நாலு யானைமலை முடித்துவிட்டேன்.
ஐந்தாவதுக்காக, வைகாசி வெயில் ஏறுமுன்
ஒத்தக்கடை தாண்டித் திருமோகூர் ரோட்டில் வண்டியை நிறுத்தினேன்.
துதிக்கை எங்கே இறங்கும்,
முதுகில் வெளிச்சம் எங்கே வழுக்கும்,
எல்லாம் கைக்கு மனப்பாடம்.
கண் சும்மா உட்கார்ந்து கொட்டாவி விடுகிறது.

ஸ்டூலை விரித்தேன்.
கால் நனைந்தது.

குனிந்தால், குடிநீர்க் குழாயின் வால்வுத் தொட்டி.
சிமெண்ட் மூடி பாதி உடைந்து உள்ளே கிடக்க,
கசிவு விளிம்பு தாண்டி வந்து
ஒரு பாய் விரிக்கிற இடத்தை நனைத்து வைத்திருக்கிறது.
சுற்றிலும் காடு தவிட்டு நிறத்தில்.
சீமைக்கருவேலம் தன் நிழலைக்கூடச் சிக்கனமாகப் போட்டிருந்தது.
இங்கே மட்டும்
கோரை, கரிசலாங்கண்ணி,
நாலு இதழும் விரித்துப் படுத்த ஆரை.

பெட்டியில் என்னிடம் மூன்று பச்சை.
தரையில் எட்டு வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன்.
துருப்பிடித்த போல்ட்டில் படர்ந்த பாசிக்கு
எந்த டியூபிலும் பெயரில்லை.
செங்கல் நிறம் கொஞ்சம் கலந்து,
பயந்து,
இன்னும் கொஞ்சம் கலந்தேன்.
கொத்தமல்லித் துவையல் மறுநாள் காலையில் ஆகுமே,
அது.

மாடு மிதித்துப்போன குளம்படியில்
ஓர் உள்ளங்கை நீர்.
அதில் தலைகீழாக யானைமலை,
முழுசாக, துதிக்கையோடு.
ஒரு தலைப்பிரட்டை அதன் வயிற்றுக்குள் புகுந்து
முதுகு வழியாக வெளியே வந்தது.
மலை கலைந்து, நடுங்கி, மறுபடி கூடியது.
என் நாலு படத்திலும் அது ஒருதரம்கூட அசைந்ததில்லை.

டி வடிவக் கம்பியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு
ஒச்சப்பன் வந்தார், தண்ணீர் திறக்கிறவர்.
"கம்ப்ளைண்ட் குடுக்கவா குறிச்சுக்கிட்டிருக்கீக?"
"வரையிறேன்ணே."
தாளைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார்.
பிறகு, வழி தவறியவளுக்குச் சொல்வதுபோல,
"மலை அந்தப் பக்கமில்ல இருக்கு."

கம்பியை மாட்டித் திருகினார்.
பூமிக்குள் ஏதோ செருமியது.
கசிவு குபுக்கென்று பெருகி
ஆரை இலைகள் ஒருமுறை மூழ்கி எழுந்தன.
"வாசர் போயி மூணு வருசமாச்சு. எழுதிப் போட்டிருக்கு.
கடேசித் தெருவுக்கு ரெண்டு கொடம் ஏறுறதுக்குள்ள
பாதி இங்ஙன ஒழுகிருது."
நான் பிரஷைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
கழுவிய தண்ணீரைக் கீழே ஊற்றக்
கூச்சமாக இருந்தது.

துளசிராம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இது எந்த ஊரு?"
"ஒத்தக்கடைப் பக்கம்."
"மலை எங்க?"
குளம்படியைக் காட்டினேன். கட்டைவிரல் நகத்தளவு.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கு இடிக்கக் குனிந்து,
"அட, தலைகீழா" என்றார்.
பணம் முழுசாகத் தந்தார். மாட்டியது மட்டும்
ஜன்னலே இல்லாத ஒன்பதாம் நம்பரில்.
"அங்க தங்குறவுகளுக்குப் பொழுது போகணும்ல?"

ஆவணியில் மறுபடி போனேன்.
தொட்டிக்குப் புது மூடி,
மேலே சிவப்புப் பெயிண்டில் ஏதோ எண்.
குளம்படிகள் கல்லாக இறுகியிருந்தன.
ஆரை ஒரு கறுத்த நூல்.
வருத்தப்படலாமா என்று யோசித்தேன்.
என் வீட்டில் குழாய் மேல்மாடி வரை ஏறுகிறது.

கடைசித் தெருவை விசாரித்துக்கொண்டு நடந்தேன்.
குழாயடியில் குடங்கள்.
ஒருத்தி நிரம்பியதை இடுப்பில் ஏற்றும்போது
ஒரு கை தளும்பி விழுந்தது.
விழுந்த இடத்தில், செங்கல் இடுக்கில்,
ஊசி நுனி அளவு ஏதோ.
பச்சை என்று சொல்லிவிட முடியாது.
ஸ்டூலை விரிக்க
இன்னும் ஒரு மாதம் ஆகும்.