பதினேழு சதவீதம்

கொள்முதல் நிலையத்துக் கருவி
இருபத்தொன்று காட்டியது.
பதினேழுக்கு மேல் ஈரமென்றால் எடுக்க மாட்டார்கள்.
களத்தில் யாரோ ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள்.
உத்திராபதி நெல்லைத் தார்ச்சாலையில் காயப்போட்டார்.
பொழுது சாய்ந்ததும் குவித்து
கறுப்புத் தார்ப்பாய் மூடி
காற்று தூக்காமலிருக்கச் சுற்றிலும் கல் வைத்தார்.

இதுவரை யார் மேலும் குற்றமில்லை.
நானும் வைத்திருக்கிறேன்.

மாசி. அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்தது.
பம்புசெட் மோட்டாரைக் காயில் கட்டக் கொடுத்துவிட்டு
தஞ்சாவூரிலிருந்து வடுவூர் வழியாக அவர் வந்தார்.
பெயர் சொன்னால் ஆயுசு குறையுமென்று
பதினோரு வருஷம் சொல்லாமலிருந்தேன்.
இனிச் சொல்லலாம்:
மதியழகன்.

டவுனைத் தாண்டும்வரை ஹெல்மெட் தலையில் இருக்கும்.
அப்புறம் போலீஸ் கிடையாது,
இடதுபக்கக் கண்ணாடியில் தொங்கும்.
நான் சண்டை போட்டதுண்டு.
"நம்ம ரோட்டுல என்னடி"
என்பார்.

நம்ம ரோடு.
கொண்டுவந்து கொடுத்த ஹெல்மெட்டில்
ஒரு கீறலும் இல்லை.
உள்ளே கைவிட்டுப் பார்த்தேன்,
அவர் தலை எண்ணெய் வாசம்.

"அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்
வாகனத்தை ஓட்டி வந்து..."
ரைட்டர் எழுதிக்கொண்டே போனார்.
சார், அந்த வண்டியில் ஸ்பீடாமீட்டர் முள் செத்து
ரெண்டு வருஷம் ஆச்சு.
நாற்பதைத் தாண்டினால் செயின்கவர் கத்தும்,
அந்த வெட்கத்துக்கே அவர் தாண்ட மாட்டார்.
"இது பொதுவா எழுதறதும்மா,
கையெழுத்துப் போடு."

விதி என்றார்கள்.
எழுதிவைத்த ஆயுசு அவ்வளவுதான் என்றார்கள்.
அந்தத் திருப்பத்தில் முனி நடமாட்டமென்று
மன்னார்குடி ஆஸ்பத்திரி வாசலிலேயே
ஒருவர் ஆரம்பித்துவிட்டார்.
முனி தார்ப்பாய் போர்த்துமா?
முனி கல் வைக்குமா?

பதினாறாம் நாள் கழிந்து உத்திராபதி வந்தார்.
உட்காரவில்லை.
சட்டைப்பையிலிருந்து எடுத்த கவரை
என்னிடம் நீட்டவும் தெரியாமல்
திரும்ப வைக்கவும் தெரியாமல் நின்றார்.
நெல்லை வியாபாரியிடம் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டாராம்.
மண்ணை வாரி இறைக்க எழுந்தேன்.
இறைக்கவில்லை.

ஏனென்றால் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டேன்.

ஸ்டேஷனில்தான் கிடக்கிறது.
சாட்சிப் பொருள் என்று எடுத்துப்போனது,
இப்போது கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க
முட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.
ஒரு மூலையில் நீல பெயிண்ட்.
இடிந்த மதகிலிருந்து பெயர்த்து
போன குறுவைக்கு எங்கள் நெல்லுக்கென்று
அவர் தோளில் வைத்துத் தூக்கி வந்த கல்.
"மழைக்காத்துக்கு இதுதான் தாங்கும்"
என்று என்னிடம் பெருமையாகக் காட்டினார்.
நெல் போனதும் சாலை ஓரத்திலேயே விட்டோம்.
கிடக்கட்டும், யாருக்காவது ஆகும் என்று
சொன்னது அவரா நானா
நினைவில்லை.

ராத்திரிகளில் அதைத்தான் தேடுகிறேன்.
அவரா.
நானா.

இதை ரைட்டரிடம் சொல்லவில்லை.
உத்திராபதியிடமும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் அந்த மனுஷன்
கொஞ்சம் தூங்கியிருப்பார்.
அந்தத் தூக்கத்தைக் கொடுக்க
எனக்கு மனசு வரவில்லை.

ஐப்பசி.
என் நெல் இருபது காட்டியது.
களத்தில் ஜல்லி அப்படியே இருக்கிறது.
பிள்ளையும் நானும் சாலையில்தான் கொட்டினோம்,
வேறெங்கே கொட்ட?
இருட்டினதும் தார்ப்பாயின் நாலு மூலையிலும்
மணல் நிரப்பின உரச்சாக்கு.
கல் தூக்கி வந்தவனைத் திருப்பி அனுப்பினேன்.
ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு
குவியலின் முனையில் உட்கார்ந்து
டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டேன்.

பதினொன்றரைக்கு ஒரு வண்டி.
மூன்று பேர், ஒரு தலையிலும் ஒன்றுமில்லை.
வெளிச்சம் கண்ணில் பட்டதும் வளைத்து
ஒடித்து, சறுக்கி, நிமிர்ந்து
என் அம்மாவைச் சேர்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினான்
ஓட்டினவன்.

வடுவூர் ஏரிப்பக்கம் அந்தச் சத்தம் தேயும்வரை
நின்றுகொண்டிருந்தேன்.

திட்டட்டும்.
திட்டிக்கொண்டே
வீடு போய்ச் சேரட்டும்.