மூன்று வாத்து, எண் 117

அந்த வருஷம் நூவார்க்கில்
அரக்கு இறாத்தல் என்ன விலை என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.
கணக்கு எழுதியவள் நான்.
முதலாளி சிக்மண்ட் ரட்கே
போல்கா போட்டுப் பிழைத்தவர்.
கல்யாணங்களுக்கு அக்கார்டியன்,
டிசம்பருக்குத் தேவாலயக் கோரஸ்.
தட்டின் நடுவே மஞ்சள் சீட்டு,
அதில் மூன்று வாத்துகள்,
மூன்றும் ஒரே பக்கம் பார்க்கும்.

போர் முடிந்தும் சரக்கு வரவில்லை.
கடல் தாண்டி ஏதோ கிளையில்
பூச்சிகள் சாவகாசமாய்ப் பிசின் கசிந்துகொண்டிருக்க
நாங்கள் வாசலில் பலகை வைத்தோம்:
பழைய தட்டு, இறாத்தலுக்கு நான்கு சென்ட்.
சாக்குச் சாக்காய் வந்தது.
செத்துப்போன பாடகர்கள், தோற்றவரின் தேர்தல் பேச்சு,
பிரெஞ்சு கற்க வாருங்கள், மூன்றாம் பாடம் மட்டும்.
எல்லாவற்றையும் அரைத்தோம்.

பீபாப் போடலாம் என்று சொன்னது
ரட்கேயின் பல் வைத்தியர்.
வாய் திறந்திருந்ததால் மறுக்க முடியவில்லையாம்.

பனிக்காலணிகளோடு ஐந்து பேர் வந்தார்கள்.
மெத்தைக்கடைக்குப் பின்னறை,
சுவரெல்லாம் விற்காத மெத்தை.
ஆல்டன் ரிக்ஸ்பி சாக்ஸபோனை
கோட்டுக்குள் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தார்.
யாருடைய பாட்டு இது, என்றார் ரட்கே.
அடியில் இருப்பது பழைய வீடு,
மேலே குடியிருப்பது நாங்கள்.
அப்படியானால் வாடகை?
வீட்டுக்காரருக்கே வீடு அடையாளம் தெரியாது, ஐயா.
ரட்கே சிரித்தார்.
பக்கத்துக்கு இரண்டு சென்ட் மிச்சம் என்று
நான் எழுதினேன்.

மூன்று நிமிஷம். அதற்குமேல் தட்டில் இடமில்லை.
இரண்டே முக்காலில் ஓட்டோ கையைத் தூக்குவார்.
மூன்று முறை தூக்கினார், மூன்று முறை நின்றது.
நான்காவதில் ரிக்ஸ்பி கண்ணை மூடிவிட்டார்.

எப்படிச் சொல்ல.
மாடிப்படி ஏறுகிறவன்
இரண்டு படியை விழுங்கி
இல்லாத படியில் கால் வைத்து
அதிலேயே நின்று திரும்பிப் பார்க்கிறான்.
யாரும் கேட்காத இடத்தில்
தியோடிஸ் மேப் டிரம்மில் ஓர் இடி இறக்க,
என் பென்சில் முனை போயிற்று.
ஓட்டோவின் கை தூக்கியபடியே இருந்தது.
வெட்டும் ஊசி நடுவை நோக்கி,
நடுவை நோக்கி,
சீட்டு ஒட்டும் இடத்துக்குள்ளேயே போய்விட்டது.

கெட்டது, என்றார் ஓட்டோ.
மணியைப் பார்த்தார் ரட்கே.
மெத்தைக்காரருக்கு மணிக்கு மூன்று டாலர்.
வாத்துகளை ஒட்டிவிடு, என்றார்.

ஐந்நூறு அடித்தோம்.
ஸ்பிரிங்ஃபீல்ட் அவென்யூ முடிதிருத்தகங்களில்
இருநூற்றுப் பன்னிரண்டு போயின.
மீதியை எங்கள் பழைய வாடிக்கைகள் திருப்பினார்கள்.
பாசாயிக்கிலிருந்து ஒரு பெண்மணி எழுதினாள்:
அக்கார்டியன் எப்போது வரும் என்று
இரண்டு பக்கமும் காத்திருந்தோம்.
உண்மையைச் சொன்னால் அரக்கும் மட்டம்.
பாட்டு தொடங்குமுன் ஒரு கரகரப்பு,
பிரெஞ்சு வாத்தியார் தொண்டையைச் செருமுவதுபோல.

செப்டம்பரில் அரைத்தோம்.
இருநூற்று எண்பத்தேழு தட்டு என்று எழுதினேன்.

நவம்பரில் ரிக்ஸ்பி வந்தார்.
தன் பிரதிமேல் பாஸ் வாசிப்பவர்
உட்கார்ந்துவிட்டாராம். வேறு ஒன்று கிடைக்குமா.
அரைத்தாயிற்று.
எல்லாமா?
எல்லாம்.
அவர் அலமாரியைப் பார்த்தார்.
புத்தம்புதுக் கிறிஸ்துமஸ் போல்கா, எழுபத்தொன்பது சென்ட்.
ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தார்.
கறுப்பில் கறுப்பைத் தேடுகிறவர்போல் வெகுநேரம்.
வாங்கிக்கொண்டு போனார்.
சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.

ஐந்நூறில் இருநூற்றுப் பன்னிரண்டு போனால்
இருநூற்று எண்பத்தெட்டு.
தணிக்கைக்கு வந்தவர்கூடக் கவனிக்கவில்லை.

அது என் மேஜையின் அடி இழுப்பறையில் இருக்கிறது.
ஏன் கொடுக்கவில்லை என்று கேட்காதீர்கள்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை
எச்சில் தொட்ட கட்டைவிரலால்
சீட்டின் ஓரத்தைச் சுரண்டினேன்.
மூன்றாவது வாத்தின் வயிற்றுக்குக் கீழே
கோடுகள் இன்னும் போய்க்கொண்டிருந்தன,
நசுங்கி, நெருக்கமாக.
ஊசி அங்கே போகாது.
விரலை வைத்தேன்,
கொஞ்சம் சொரசொரப்பு.