பதினாறுக்குப் பதினாறு

பகலில் நான் எண்ணெய் ஆலை எடைமேடைக்குக் கிராணி.
லாரி ஏறும், முள் நிற்கும், எழுதுவேன்:
பழக்குலை, ஒட்டிய மண், மழைத்தண்ணீர்
எல்லாம் சேர்த்து இவ்வளவு.
இரவில் எடையே இல்லாத ஒன்றுக்குக் கிராணி.

லூனாஸில் ஒன்பது மணிக்குக் கடைகள் அடங்கிவிடும்.
டயர் கடைக்கு மேல் என் அறை.
விசிறி மூன்றாம் எண்ணில் மட்டும் சுற்றும்.
அங்கிருந்துதான் பெரட்டு எடுக்கிறேன்.

பெரட்டு என்றால் இந்த ஊரில் விளக்க வேண்டாம்.
விடியுமுன் வரிசை, பேர், குரல்,
வராதவனுக்கு அன்றைக்குப் பேர் வெட்டு.
என் பெரட்டில் சம்பளம் இல்லை.
சம்பளம் இல்லாதவன் பேரை
எதை வைத்து வெட்டுவது?

யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று
உலகத்துக்கே திறந்துவைத்த மென்பொருள்.
அதற்குச் சின்னமும் திரைப்படமும் வரைந்து தர
பதினொரு பேர் கை தூக்கினார்கள்.
இரண்டாம் வாரம் ஏழு.
மழை பிடித்த வாரம் நான்கு.

குப்பைத்தொட்டிக்கு மட்டும் மூன்று வாரம்.
பதினாறு புள்ளி அகலம், பதினாறு புள்ளி உயரம்,
அதற்குள் ஒரு தொட்டி, அவ்வளவுதான் வேலை.
மூடி வேண்டும் என்றார் பின்லாந்து எய்னோ.
மூடினால் போட்டது திரும்பாது போல இருக்கிறது என்றாள்
பிரேசிலில் அடுப்பைப் பார்த்துக்கொண்டே ஜுரேமா.
அஸ்லான் கோபித்துக்கொண்டு சாப்பிடப் போனான்.
சியூ மெய் எதுவும் பேசாமல்
ஒரு புள்ளியை நகர்த்தினாள்.
சண்டை நின்றது.
எந்தப் புள்ளி என்று எனக்குத் தெரியவில்லை.
கேட்கவும் பயம்.

நவநீதன் எங்கள் ஊர்.
பழுத்த குலைக்கும் காய்க்கும் நிறம் தெரியாமல்
தோட்ட வேலை போய்
கையுறைத் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட்.
"இந்தச் சிவப்பும் அந்தப் பச்சையும்
எனக்கு ஒண்ணுதான், அக்கா" என்றான்.
அன்றைக்குத்தான் எங்கள் எச்சரிக்கை விளக்கு
வட்டத்திலிருந்து முக்கோணம் ஆனது.

பிறகு ஒரு படம் அனுப்பினான்.
பனிமூட்டம், செம்பனை வரிசை,
விளக்கெரியும் ஒற்றை லாரி.
நான்கு நாட்டிலிருந்தும் கைதட்டல்.
யார் எடுத்தது என்று கேட்டேன்.
"நெட்ல கெடச்சது. இங்க எல்லாமே ஃப்ரீதானே?"

ஃப்ரீ என்பதால்தான், தம்பி.
கதவைப் பூட்டாத வீட்டில்
அடுத்தவன் சாமானை வைக்க முடியாது.

இப்படி எழுதியிருக்கலாம்.
நான் எழுதியது: விதிமீறல். நீக்கப்பட்டது.
இனி மூலத்தைக் குறிப்பிடவும்.
அந்த மண்டோர் குரல்
என் விரலுக்கு எங்கிருந்து வந்ததோ.
இரண்டு நீலக் கோடு விழுந்தது.
பதில் இல்லை.

கெடு வந்தது.
லாரி நிற்க வேண்டிய இடத்தில்
வெறும் நிறம் ஒன்றைப் பூசினோம்,
ஆலைக் குளத்தின் மழைநாள் சாம்பல்.
சோம்பேறித்தனம் என்றார்கள் சிலர்.
கண்ணுக்கு இதம் என்றார்கள் சிலர்.
நன்றிப் பட்டியலை நான்தான் தட்டினேன்:
எச்சரிக்கை முக்கோணம் — நவநீதன், லூனாஸ்.
அவனைக் கேட்கவில்லை.
அதுவும் ஒரு விதிமீறல்தான்.

புதன்கிழமை பாசார் மாலம்.
அப்பம் பாலிக் வரிசையில் எனக்கு முன்னால் அவன்.
திரும்பினான். கைப்பேசியைப் பார்த்தான். மறுபடி திரும்பினான்.

"அக்கா, அந்தக் குப்பைத்தொட்டி மூடி
ஒரு புள்ளி எடப்பக்கம் தள்ளியிருக்கு.
வேணும்னே செஞ்சீங்களா?"

சோளம் போட்டது ஒன்று,
கடலை போட்டது ஒன்று வாங்கினான்.
ஒன்று எனக்கா என்று நான் கேட்கவில்லை.
வரிசை ஓரடி நகர்ந்தது.