இருப்பு

ஊமியோவில் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
தட்டை நுண்ணோக்கியில் வைக்கிறாள் ஹில்யா.
நாற்பத்தோராம் தலைமுறை நுரையீரல் செல்கள்;
பிரிவதை விட்டுவிட்டுப்
பொரித்த முட்டைபோல் பரந்து கிடப்பவை.

நேற்று விட்ட மருந்தில்
பக்கத்துத் தட்டின் இளசுகள் அத்தனையும் காலி.
கொழுப்புச் சவ்வு துருவேறி
ஓட்டைக் குடமாய் ஒழுகி.

இவை சாகவில்லை.
இத்தனைக்கும் இவற்றிடம்தான் இரும்பு,
பத்து மடங்கு.
பெட்டியில் போட்டுப் பூட்டிச்
சாவியை விழுங்கிய கிழடுகள்.
இரும்பு பிடித்த கை சும்மா இராதாம்.
இவை சும்மாதான் இருக்கின்றன,
அண்டை செல்லுக்குள்
மெல்ல நஞ்சைக் கசியவிட்டபடி.

அவளுக்கு ஐம்பத்திரண்டு.
மாதாமாதம் வெளியே போன இரும்பு
மூன்று வருடமாய் உள்ளேயே தங்குகிறது.
போன வாரம் ரத்தச் சீட்டில் எண் ஏறியிருந்தது.
அதை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தவள்
இன்னும் எடுக்கவில்லை.

பிறந்த ஊர் கிருனா.
அடிவயிற்றில் இரும்பு இருந்த குற்றத்துக்கு
மாதா கோவிலோடு பெயர்த்து
வேறிடம் வைத்தார்கள்.

பெட்டியை உடைக்கும் திரவம்
குளிர்பெட்டியில், இரண்டாம் அடுக்கில்.
எடுத்து வந்து
உள்ளங்கையில் வைத்து உருக்குகிறாள்.

எத்தனை சொட்டு என்பதுதான்
இன்னும் முடிவாகவில்லை.