எட்டு ரூபாய் பத்துப் பைசா

நடிகரால் தூக்க முடியவில்லை.
குற்றமில்லை, பழகாத கழுத்து.
சாக்குக்குள் பஞ்சை அடைத்துத் தைத்துப் பார்த்தார்கள்.
தாடிக்காரர் கேமராவில் கண்ணை வைத்துவிட்டு
கால் பொய் சொல்கிறது என்றாராம்.

அப்புறம்தான் தேவகோட்டை ரஸ்தா கூட்ஸ் ஷெட்டில்
அரிசி இறக்கிக்கொண்டிருந்த எங்களை
வரிசையாகத் திரும்பி நிற்கச் சொன்னார்கள்.
பதினோரு முதுகு.
என்னுடையதில் ஒரு விரல் வந்து நின்றது. குளிர்ந்த விரல்.
"அடைக்கலம், நீதான்டா ஹீரோ" என்றான் சோலையன்.
"பின்பக்கம் மட்டும்" என்றான் காதர்.

நடிகரின் நீலக் கைலி என் இடுப்புக்கு வந்தது.
என் வேட்டியைச் சுற்றிக்கொண்டு அவர்
நாற்காலியில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தார்.
நல்ல மனிதர், எனக்கும் ஒன்று கொடுத்தார்.

மலையாளப் படம். சுமைகூலி ஒருவன் கதையாம்.
ஆலப்புழையில் நடக்கிற கதைக்கு
எங்கள் ஷெட்டு எதற்கு என்று கேட்டேன்.
அங்கே மழை விடவில்லையாம்,
காட்சிக்கு வெயில் வேண்டுமாம்.
வெயில் எங்களிடம் இருக்கிறது.
அதற்கு இதுவரை கூலி கேட்டதில்லை.

நூறு கிலோ. பலகையேறி வேகனுக்குள் போக
ஒன்பது எட்டு.
ஏறி முடித்ததும் தாடிக்காரர் கத்தினார்:
"ஒன்னு கூடி!"
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
சங்கக் கூட்டத்தில் கேட்ட சொல்.
ஒன்று கூடி எதைக் கேட்க?
காசு பார்க்கிற குரியச்சன் சிரித்தான்.
அவர்கள் பேச்சில் அதற்கு
இன்னொரு தடவை என்று அர்த்தமாம்.

இறக்கினேன், ஏற்றினேன்.
மேகம் குறுக்கே வந்தது. ஒன்னு கூடி.
மானாமதுரை வண்டி கூவியது. ஒன்னு கூடி.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
முதுகு சிரித்தாலும் தெரியுமாமே. ஒன்னு கூடி.
பதினோராவது தடவை முழங்கால் தானாக நடுங்கியது.
இதுதான், இதுதான் என்று
தாடிக்காரர் கண் கலங்கினார்.
அப்புறமும் மூன்று தடவை.

விளக்கெல்லாம் வேனில் ஏறிய பிறகு
குரியச்சன் ஐந்து ரூபாய் நீட்டினான், பரோட்டாப் பொட்டலமும்.
"ஏத்துனது பதினாலு, இறக்குனது பதிமூணு.
மூட்டைக்கு முப்பது பைசா. கணக்குப் போடு" என்றேன்.
"எடோ, மூட்டை ஒன்னுதானே!"
ஆமாம், மூட்டை ஒன்றுதான்.
முதுகும் ஒன்றுதான்.

சோலையன் வந்து வேனுக்கு முன்னால் சம்மணம் போட்டான்.
பிறகு காதர். பிறகு பெயர் சொன்னால்
மேஸ்திரி வேலை தரமாட்டான் என்பதால்
பெயர் சொல்லாத எட்டுப் பேர்.
"ஒன்னு கூடி" என்றான் காதர், டிரைவரைப் பார்த்து,
எங்கள் அர்த்தத்தில்.

தாடிக்காரரே இறங்கி வந்தார்.
ஜிப்பாவைத் துழாவி எட்டு ரூபாய் எண்ணினார்.
சில்லறை இல்லை.
பத்துப் பைசா இன்னும் பாக்கி.

பன்னிரண்டு வருஷம் கழித்து
ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்
செஞ்சையில், பக்கத்து வீட்டு டிவியில் அது வந்தது.
விருது வாங்கிய படமாம்.
பேச்சு பாதி புரிந்தது.
நீலக் கைலி கறுப்பாகத் தெரிந்தது.
முதலாளி ஏசுகிறான், அந்த ஆள் குனிகிறான்,
குனிந்தவன் நிமிரும்போது
தோள்பட்டைக்குக் கீழே கொக்கி கிழித்த தழும்பு.
அடுத்த காட்சியில் கிணற்றடியில் குளிக்கிறான்,
தழும்பைக் காணோம்.
வீட்டுக்காரர் நம்பவில்லை. அவர் பையன் சிரித்தான்.
பொன்னழகு மட்டும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.
"நடுங்குது பாருங்க" என்றாள்.

அப்படியானால் அது பதினொன்று.
கடைசி மூன்றும் வீண்.

எண்ணிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
அதற்குள் கடல் வந்துவிட்டது,
அப்புறம் வாசலில் அழுகிற ஒரு பெண்.
மிச்சம் ஐந்து எட்டை யார் வெட்டியது?

"இறக்கி வைக்கிறதைக் காட்டவே இல்லையே"
என்றாள் பொன்னழகு.
சோப்பு விளம்பரம் ஓடத் தொடங்கியிருந்தது.